நிறுவை

பேட்டை ரேஷன் கடையில்
பத்தொன்பது வருசமாய் எடை போடுகிறேன்.
முள் தராசு போய் எலக்ட்ரானிக் வந்தாலும்
சாக்கைத் தூக்கும்போதே தெரிந்துவிடும்
இருநூறு கிராம் குறைகிறதென்று.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
பிசியோ பார்க்கும் ஷெரின், சின்னப் பெண்,
கைப்பிடி வைத்த கருவி ஒன்றைத் தந்து
'நல்லா நெரிங்கக்கா' என்றாள்.
பதினாலு கிலோ.
ஒரு கார்டு அரிசிகூட இல்லை
என் வலது கை.

மூளைக்கடியில் பயறளவு கட்டி.
மூக்கு வழியே எடுத்தாயிற்று.
ஊதிக் கிடந்த நாளில்
'ஆவுடை இப்பம்தான் பூசினாப்ல இருக்கா' என்றது தெரு.
'கடைச் சீனியெல்லாம் அவ கன்னத்துலல்லா இருக்கு'
கியூவில் ஒரு குரல்.
இப்போது கன்னம் வடிந்துவிட்டது.
வயிற்றின் ஊதாக் கோடுகள் வெளுத்து,
ஆறு விலகிய மணலில் கிடக்கும் வரிகள்.
ரத்தத்தில் எல்லாம் சரி என்கிறது ரிப்போர்ட்.
அதை என் தொடைகளுக்கு
இன்னும் யாரும் வாசித்துக் காட்டவில்லை.

ஜங்ஷன் பஸ்ஸின் முதல் படி
இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது.
விசிலை வாயில் வைத்தபடி
கண்டக்டர் ஒரு நாள் பொறுத்தார்.
மறுநாள் ஊதினார்.
தலை பின்னப் பாதியிலேயே
கை இறங்கிவிடுகிறது.

கக்கூஸ் குழாய் சுவரைவிட்டு வந்தபோது
பிளம்பர் மாசானம் கேட்டார்:
'இதுல யாரு தொங்குதது?'
வீட்டுக்காரர் மகனைப் பார்த்தார்.
மகன் போனைப் பார்த்தான்.
நான்தான், என்றேன்.
உக்காந்தா எந்திரிக்க முடியல. ஒரு வருசமாச்சு.
பக்கத்து வீட்டு மோட்டார் மட்டும் ஓடியது.

மாசானம் ஒன்றும் சொல்லாமல்
சுவரைச் சாண் போட்டு அளந்தார்.
வண்ணார்பேட்டை போய் ஸ்டீல் கம்பி வாங்கி வந்து
நாலு ஸ்குரூ முடுக்கி இழுத்துப் பார்த்து,
'ஆனை தொங்கினாலும் தாங்கும்'
சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
சிரித்ததில் எனக்கு வயிறு வலித்தது.
அதுவும் தசைதானே அக்கா, என்றாள் ஷெரின்.

ஆறு மாசம் கழித்துப் பதினாறு.
இரண்டு கிலோ.
ஒரு கார்டுக்குச் சீனி.

கூட்டம் ஓய்ந்த மத்தியானங்களில்
கடைக்குள்ளே பிளாஸ்டிக் சேர்,
கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும்
ஐந்து முறை.
மண்ணெண்ணெய் வராத கேனோடு நின்று
பீர் பாத்திமா எண்ணுகிறாள்.
'மூணு... நாலு...
அக்கா, அது செல்லாது. மேசையத் தொட்டுட்டீங்க.'

இத்தனை வருசமும்
என் தராசிலிருந்து கண்ணெடுக்காதவள்.
விடுவாளா.

மறுபடியும் நாலு.