பெயர் ஒட்டாத பெட்டி

முதல் ஆர்டர் குளச்சல் லியோன்ஸ் அண்ணனுக்கு,
கல்யாண வீடியோ வெட்டி ஒட்ட.
கூரியரில் வந்த கிராபிக்ஸ் கார்டை
தக்கலையிலிருந்து மடியிலேயே வைத்து வந்தேன்.
"பிள்ளைக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார் கண்டக்டர்.

கருங்கலில், ரப்பர் ஷீட் குடோனுக்கு மேலே என் அறை.
பிராசசரை இறக்கும்போது
மூச்சை நிறுத்திக்கொள்வேன்.
ஒரு பின் வளைந்தால்
குழுக்கடனில் மூன்று தவணை.

பொத்தானை அமுக்கினேன்.
விசிறி சுற்றியது. திரை கறுப்பு.
ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன்.
கறுப்பு.
கேபிளைத் தப்பான துளையில் செருகியிருந்தது
ராத்திரி பதினொன்றரைக்குத் தெரிந்தது.

மறுநாள் அண்ணன்
பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
"இது எந்தக் கம்பெனி மக்ளே?"
நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன்,
எழுதி முடித்த பிறகும்.

எட்டாம் மாதம் அதையே தூக்கிக்கொண்டு
படியேறி வந்தார்.
திருகெல்லாம் துரு, செம்பில் பச்சை.
சண்டைக்குத்தான் என்று
வாரண்டி தாளைத் தேடினேன்.

"கடக்காத்துக்கு நீ என்ன செய்வே?
துடைச்சுத் தா.
மச்சினனுக்கும் ஒண்ணு வேணும், கேட்டியா.
என்ன கம்பெனின்னு கேட்டான்.
கருங்கல் ஜெஸ்லின்னு சொல்லிட்டேன்."

மூடியைக் கழற்றினேன்.
உப்புக்கு முன்னால்
குடோன் புகை மணந்தது.