மூன்றாம் மேசை, இடப்பக்கம்

பிப்ரவரி இரண்டாம் வியாழன், ஃபார்கோ.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
நிறுத்தியிருக்கும் கார்களின் மூக்கிலிருந்து
மின்கம்பி தொங்குகிறது, எஞ்சின் உறையாமலிருக்க.
உள்ளே நான்
நாற்காலிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீதிபதிகள் பதினான்கு பேர்.
பழைய மாணவர்கள் முப்பத்தொன்று.
அவர்களில் பாதிப் பேர்
இதே நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்து
மெதுவாகச் சிரிக்கக் கற்றுக்கொண்டவர்கள்.
மாணவர்கள் நாற்பது. மேசைகள் பத்து.
கணக்கு இடிக்கும். எல்லா வருஷமும் இடிக்கும்.

கல்லூரியின் அழைப்பிதழில் இதற்குப் பெயர்
‘நீதித்துறையோடு ஒரு மாலை’.
என் கோப்பில்
‘யார் பக்கத்தில் யார்’.

நீதிபதி ஸ்கார்ஸ்டாடுக்கு இடது காது கேட்காது.
ஆகவே அவருடைய வலப்பக்க நாற்காலி
ஒரு வேலைவாய்ப்பு.
பதினோரு வருஷத்தில் ஏழு பேர்
அந்த நாற்காலியிலிருந்து எழுந்து
நேரே அவர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள்.
எண்ணி வைத்திருப்பது நான் மட்டும்.
டீனுக்கு எண்ணத் தேவையில்லை;
மஞ்சள் துண்டுச்சீட்டில் ஒரு பெயர் எழுதி அனுப்புவார்.
இந்த முறை க்ரேடி.
புதிய நூலகத்தின் கூரை
க்ரேடியின் பெரியப்பா கொடுத்தது.

கோரா ப்ரெக்கஸ் செவ்வாயன்று வந்தாள்.
இரண்டாம் ஆண்டு. பூட்ஸிலிருந்து பனி உருகி
என் கம்பளத்தில் ஒரு ஏரி.
“மூன்றாம் மேசை வேண்டும்” என்றாள்.
வலப்பக்கம் போய்விட்டதே என்றேன்.
“இடப்பக்கம் போதும்.
அவருக்கு நான் கேட்க வேண்டாம்.
எனக்கு அவர் கேட்டால் போதும்.”

பிறகு, கையுறையைக் கழற்றாமலே:
அண்ணன் பெயர் லைல்.
பதினான்கு வருஷம் தந்தவர் இவர்.
அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது,
மூன்றாம் வரிசை.
தீர்ப்பு நான்கு நிமிடம்.
ஒருமுறைகூட அவர் தாளிலிருந்து நிமிரவில்லை.
முகம் தெரியாத குரல் ஒன்றை
இத்தனை நாள் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் எதுவும் சொல்லவில்லை.
சொல்ல ஒரு விதி இருந்திருக்கும்;
தேடவில்லை.
அட்டையில் பெயரை எழுதினேன்.
‘ப்ரெக்கஸ்’ஸில் ஒரு எழுத்து பிசகி
இன்னொரு அட்டை எடுத்தேன்.

வியாழன் இரவு.
வாலை மீன், காட்டரிசி.
க்ரேடி வலப்பக்கமிருந்து
ஹாக்கியைப் பற்றி விடாமல் பேசினான்.
நன்றாகவே பேசினான், பாவம்,
கூரைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்.
ஸ்கார்ஸ்டாடின் கை நடுங்குகிறது;
இதை என் கோப்பு அறியாது.
வெண்ணெய்க் கத்தி ரொட்டியைத் தவறவிட்டு
மேசைவிரிப்பில் தடவியது.
இடப்பக்கமிருந்து ஒரு கை
தட்டை அவர் பக்கம் நகர்த்தியது.

அவர் நிமிர்ந்தார்.
உடம்பையே திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார்.
“எந்த ஊர்?”
அவள் சொன்னாள்.
ஊரை, அப்புறம் இன்னும் ஏதோ, நீளமாக.
கேட்காத காது அவ்வளவையும் வாங்கிக்கொண்டது.
ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தார்,
மிக அன்பாக.

பத்தரைக்குப் பெயரட்டைகளைப் பொறுக்கினேன்.
எண்பத்தைந்தில் எண்பத்துநான்கு.

மார்ச்சில் விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போகும்.
படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
‘இந்த நீதிமன்றத்தோடு முன்பே தொடர்பு உண்டா?’
வழக்கமாக எழுதுவது
கோல்ஃப், தேவாலயம், மாமா.
கோராவின் படிவத்தில்
‘உண்டு’.
அதற்கருகே ஒரு வழக்கு எண்.
எழுத்து மாதிரி கேட்ட இடத்தில்
அந்த நான்கு நிமிடத்தின் நகல், ஆறு பக்கம்;
அது எங்கே தவறியது என்று
அவள் எழுதியது முப்பத்திரண்டு பக்கம்,
அடிக்குறிப்புகளோடு.

உறையைத் தராசில் வைத்தேன்.
அஞ்சல்தலை இரண்டு
கூடுதலாகத் தேவைப்பட்டது.
கல்லூரிக் கணக்கில் எழுதினேன்.