இரண்டு உப்பு, ஒரு சர்க்கரை

உசிலம்பட்டி ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு.
ராத்திரி பதினொன்றுக்கு வாய் உலர்ந்து வந்தான் தவசி,
வயது ஒன்றரை.
வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன்,
மடிப்பு மெதுவாகத்தான் படிந்தது.
அழுதான். கண்ணில் ஈரமில்லை.

"தண்ணிதான சிஸ்டர் போகுது,
தண்ணிய ஊத்துனாப் பத்தாதா?"
வெறும் தண்ணீர் தங்காதம்மா என்றேன்.
ஏன் என்று கேட்காமல் என்னையே பார்த்தாள் ஒச்சம்மாள்.
அந்தப் பார்வைக்குத்தான் இது.
அப்போது சொல்ல நேரமில்லை.

குடலின் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சவ்வு.
சுவர் என்று நினைத்துவிடாதே.
கொழுப்பால் ஆன இரண்டு வரிசை;
தலைகள் தண்ணீர்ப் பக்கம்,
வால்கள் தண்ணீருக்குக் கூசி
நடுவில் ஒன்றையொன்று பார்த்து ஒளிந்திருக்கும்.
யாரும் யாரையும் கட்டிவைக்கவில்லை.
சந்தை நாள் கூட்டம்போல் இடம் மாறிக்கொண்டே இருக்கும்,
வரிசை மட்டும் கலையாது.

மூச்சுக்காற்று கேட்காமல் நுழைந்துவிடும்.
உப்பால் முடியாது,
மின்னேற்றம் கொண்டது அது, கொழுப்பு சேர்க்காது.
அதற்கென்று கதவுகள்.
கதவுகளுக்கு ஆள் பார்க்கத் தெரியும்.

கிருமி எதையும் இடிக்கவில்லை, ஒச்சம்மா.
வெளியே போகிற ஒரு கதவைத் திறந்து
மூடாதபடி கல் வைத்துவிட்டது.
உப்பு போனது, பின்னாலேயே தண்ணீர்.
அவ்வளவுதான் நடந்தது,
சாயங்காலத்திலிருந்து ஒன்பது தடவை.

இன்னொரு கதவு இருக்கிறது.
கிருமியின் கண்ணில் அது படவில்லை.
உப்பு தனியாகப் போய்த் தட்டினால் திறக்காது,
சர்க்கரை தனியாகப் போனாலும்.
இரண்டு உப்பு ஒரு சர்க்கரையின் கையைப் பிடித்துப் போனால்
மூன்றையும் உள்ளே விட்டுவிடும்.
கூப்பிடாமலே தண்ணீர் கூடப் போகும்.
பாக்கெட்டில் இருப்பது அந்தக் கூட்டணிதான்.
ஒரு லிட்டருக்கு ஒன்று, கைக்கு வந்தபடி இல்லை.
உப்பு மிஞ்சினால்
உள்ளே இருக்கிற தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும்.

நிமிஷத்துக்கு ஒரு கரண்டி.
வாந்தி எடுத்தான். பத்து நிமிஷம் பொறுத்தோம்.
மறுபடி கரண்டி.
நூற்றிருபதுக்கு மேல் அவளுக்கு எண்ணிக்கை தவறியது,
ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

வெளியே பேரையூர் பஸ் ஹாரன் அடித்தது.
தவசி கரண்டியைத் தட்டிவிட்டு வீரிட்டான்.
கன்னத்தில் ஒரு கோடு மினுங்கியது.
துடைக்கப் போன முந்தானையை
ஒச்சம்மாள் பாதியிலேயே நிறுத்தினாள்.
"அழுடா," என்றாள். "நல்லா அழு."

நோட்டில் எழுதினேன்:
4.10. கண்ணீர் உண்டு.