பதினான்காம் பந்தி

இருபத்திரண்டு வருடமாகப் புதுக்கடையில்
பிறர் பேச்சை அக்கரை சேர்ப்பது என் உத்தியோகம்.
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
சத்தியம் செய்தவள்.

வழக்கிலக்கம் கிடக்கட்டும்.
தாய் தயாளினி, வெள்ளவத்தை, ஹம்டன் ஒழுங்கை, நாலாம் மாடி.
தகப்பன் உதயசேகர், சுவிஸ், பேர்ன் நகரம்;
முந்தின இரவு வந்திறங்கிக் கடைசி வாங்கில் இருந்தார்.
பிள்ளை அகரன், ஆறு வயதும் நாலு மாதமும்.

ஆடி விடுமுறைக்கு எடுத்த டிக்கட்டில்
திரும்பும் பாதி பாவிக்கப்படவில்லை.
வழக்கு அவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் சத்தியக்கடதாசிகளும் இணைப்புகளும்.

தகப்பன் பக்கம் ஒரு படம்:
பாலர் பள்ளிச் சுவரில் கொளுக்கி,
மேலே அவன் பெயர்,
கொளுக்கியில் ஒன்றுமில்லை.
தாய் பக்கம் ஒரு தேர்ச்சி அறிக்கை:
தமிழ் எண்பத்தொன்று, சித்திரம் தொண்ணூறு,
வகுப்பில் கதை கூட.

பிள்ளை வேரூன்றப் பன்னிரண்டு மாதம் வேண்டும் என்கிறது சட்டம்.
மனு பதினோராம் மாதத்தில் வந்துவிட்டது.
"போட்டுக்கொண்டு வந்த ஜக்கெட்
இப்ப முழங்கைக்கு ஏறிட்டுது சேர்" என்றாள் தாய்.
மொழிபெயர்த்தேன்.
ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

"அவர் கதவைப் பூட்டுவார்" என்றும் சொன்னாள்.
உள்ளே வைத்தா, வெளியே விட்டா
என்று சட்டத்தரணி கேட்டார்.
அவள் நெடுநேரம் பேசவில்லை.
மௌனத்தைப் பெயர்க்க எனக்கு அதிகாரமில்லை.

மதிய இடைவேளை. தேநீர்க்கடை.
தகப்பன் பணிசைப் பிய்த்தபடி, தின்னாமல், கேட்டார்:
"அக்கா, அவனுக்கு முன்பல் விழுந்திட்டுதோ?"
கட்சிக்காரரோடு நான் கதைக்கக்கூடாது.
"ரெண்டு" என்றேன்.

பிறகு நீதிபதியின் அறை.
அவர், நான், பிள்ளை, ஒரு மின்விசிறி.
டொஃபி ஒன்று கொடுத்தார்; அவன் சப்பாத்தைப் பார்த்தான்.
வீடு எங்கே என்று கேட்கச் சொன்னார், கேட்டேன்.
"வீட்டுக்குக் கீழ ட்ராம் போகும்.
ராவில கட்டில் நடுங்கும்."

ஆங்கிலத்துக்கு இரண்டு இழுப்பறை.
சுவரும் கூரையும் ஒன்றில், ஹவுஸ்.
மனசு மற்றதில், ஹோம்.
தமிழுக்கு இந்தத் தொல்லையே இல்லை:
வாடகைக்கு எடுத்ததும் வீடு,
செத்தபின் கிடைப்பதாகச் சொல்வதும் வீடு.
பேனா காத்திருந்தது.
மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் நேரம்.
ஹோம் என்றேன்.

அவன் முடிக்கவில்லை.
"இங்கயும் நடுங்கும். கடல் பக்கம் ரெயின் போகேக்க.
அந்த வீட்டில நடுங்கினா அப்பா வருவார்.
இந்த வீட்டில நடுங்கினா அம்மா வருவா."
அதையும் சொன்னேன், ஒரு சொல் விடாமல்.
பேனா மூடியிருந்தது.

கட்டளை ஒன்பது பக்கம்.
பதினான்காம் பந்தி: பேர்ன் நகரத்து வதிவிடத்தைப்
பிள்ளை தானாகவே ஹோம் என்று குறிப்பிட்டது.
இருபத்தொரு நாளில் திருப்பி அனுப்புக.
பதிவாளரிடமுள்ள கடவுச்சீட்டை விடுவிக்குக.
அங்கே யாரிடம் வளர்வது என்பதை
அங்குள்ள நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

"என்னவாம்?" என்றாள் தயாளினி.
வந்த வழியே அந்தச் சொல்லைத்
திருப்பிக் கொண்டுபோய் அவளிடம் வைத்தேன்.
வீடு என்று சொன்னானாம்.

அவள் அழவில்லை. சிரிப்பு மாதிரி ஏதோ.
"அவன் எல்லாத்துக்கும் அப்பிடித்தான் அக்கா.
பென்சில் பெட்டியும் வீடு,
நத்தைக்கு முதுகில இருக்கிறதும் வீடு.
பிளேனில வரேக்க சீட் பெல்ற்றைப் போட்டுட்டு
வீடு பூட்டியாச்செண்டு சொன்னவன்."

மொழிபெயர்க்கத் திரும்பினேன்.
மன்று எழுந்து போயிருந்தது.