கடப்பாக் கல்லுக்கு இரண்டு கோட்

கடை நகரியில்.
பள்ளிப்பட்டிலிருந்து அரை மணி, ஒரு மாநிலம்.

முனிரத்தினம் இரண்டு டின்களை எடுத்து வைத்தார்.
ஒன்று கல்லின் மேலே படியும்,
கண்ணாடியாய் மின்னும், பிறகு
பாம்புச் சட்டை போல உரியும்.
இன்னொன்று உள்ளே இறங்கிவிடும்,
போட்டதே தெரியாது.
தெரியாமல் இருப்பதற்கு
நானூறு ரூபாய் கூடுதல்.

என்ன கல் என்றார்.
கடப்பா என்றேன்.
"போய் ஒரு சொட்டுத் தண்ணி வெச்சுப் பாரும்மா.
பத்து நிமிஷத்துல கறுத்துதுன்னா
ராயிக்கு தாகம்.
கறுக்கலைன்னா என் டின்னு உனக்கு எதுக்கு?"
விற்க உட்கார்ந்த மனுஷன்
வெறுங்கையோடு என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

அன்றிரவு சமையல் மேடையில்
மகளின் இங்க் ஃபில்லரால் ஏழு சொட்டு.
அடுப்போரம் வைத்ததும் குடித்தது.
தொட்டியோரம் கொஞ்சம் யோசித்துக் குடித்தது.
ஜன்னலடியில் மட்டும் சொட்டு
உருண்டையாய் நின்றது, முத்து மாதிரி.
குனிந்து முகர்ந்தேன்: கடலெண்ணெய்.
வடை சுட்ட நாளில்
நாங்களே போட்ட முதல் சீலர்.

பால் காய்ச்சிய அன்று
கொத்தனார் ஏகாம்பரம் வைத்த மஞ்சள் பொட்டு
மூலையில் அப்படியே இருக்கிறது.
சோடா மாவைக் குழைத்து அப்பி
மேலே பாலிதீன் மூடி ஒரு ராத்திரி விட்டேன்.
எண்ணெய் போனது. மஞ்சள் பாதி போனது.
மீதி உள்ளேயே இருக்கட்டும் என்று
பூட்டப் போகிறேன். சீலர் துடைக்காது,
இருப்பதை இருந்தபடி மூடும், அவ்வளவுதான்.

தசரதனுக்கு மின்னுகிற டின் வேண்டும்.
"காசு போனது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?"
அவன் திருத்தணி டிப்போவில் இருந்த நேரமாய்ப் பார்த்து
நான் மின்னாததை வாங்கிவந்தேன்.

கல் காய இரண்டு நாள்.
பழைய பனியனைக் கிழித்து
ஒரு கை அகலம் ஒரு கை அகலமாகப் பூசினேன்.
தின்னர் வாடை கண்ணைக் கரித்தது,
ஜன்னல்கள் திறந்தே இருந்தன.
கால் மணி கழித்துக் குடித்தது போக நின்றதை
உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும்,
விட்டால் பிசுபிசுவென்று காலமெல்லாம் ஒட்டும்.
எடுத்தேன். மறுபடி ஒரு கோட். மறுபடி துணி.
அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதே,
விரித்துக் காயவை, சூடேறித் தீப்பிடிக்கும் என்று
டின்னில் தெலுங்கில் இருந்ததை
படித்துச் சொன்னது மாடி வீட்டு நாகரத்னம்மா.
ஒரு நாள் முழுக்க மேடையைத் தொடவில்லை.
பரோட்டா வாங்கித் தரையில் உட்கார்ந்து தின்றோம்.

அதன் பிறகு எதைக் கொட்டினாலும் நின்றது.
குழம்பு, டீ, பீட்ரூட் தண்ணி.
மகள் சொட்டுகளை ஊதி ஊதி
ரேஸ் விட்டாள்.

வைகாசியில் ஒரு ராத்திரி
வெயில் தலைக்கேறி மூன்று தடவை வாந்தி.
நான் படுத்திருந்தேன். டிரைவர் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல்
தசரதன் எலுமிச்சை பிழிந்தான்,
உப்பு அதிகம், சர்க்கரை மறந்துபோச்சு.
அரை மூடியைக் கவிழ்த்து
மேடையிலேயே விட்டுவிட்டான்.

காலையில் பார்த்தால்
வெள்ளையாய் ஒரு வட்டம்.
துடைத்தேன், தேய்த்தேன், திட்டினேன்.
முனிரத்தினத்துக்கு போன் போட்டேன்.
"கறை இல்லம்மா அது, புண்ணு.
கறை உள்ள இறங்கும், என் டின்னு தடுக்கும்.
புளிப்பு கல்லையே தின்னும்.
அதுக்கு மருந்து விக்கலை நான்."
திரும்ப பாலிஷ் பிடிக்கலாம் என்றார். ஆள் கூலி சொன்னார்.
வேண்டாம் என்றேன்.

வட்டத்தின் மேல் இப்போது உப்பு ஜாடி.
நாகரத்னம்மா வந்தால்
தள்ளி வைக்க மாட்டேன்.
மற்றபடி, மேடை துடைக்கிறபோது
ஜாடியைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்த பங்குனிக்கு மறுபடி ஏழு சொட்டு.
ஃபில்லரை மகள்
எங்கே வைத்தாளோ.