பதினான்காம் கேள்வி

பெர்கனில் மழை நின்றபாடில்லை.
படிவத்தைத் திருப்பி வாசிக்கிறேன்:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
சட்டத்துக்குப் புறம்பான போதைப்பொருள் –

தோருன் கையுறையைக் கழற்றாமலே சிரிக்கிறாள்.
எழுபத்தொரு வயது. மீன் ஏலத்தில் கணக்கெழுதியவள்.
"என்னைப் பார்த்தா கேட்கிறாய்?"

விளக்கக் குறிப்பை வாசிப்பதும் என் வேலை:
உங்கள் பெயருக்கு எழுதித் தராத மருந்தும்
இதில் அடங்கும்.

சிரிப்பு அப்படியே நின்றது.

"ஐவின்டின் மார்ஃபின் பாதி மீந்திருந்தது.
மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கத்தான்
கோட்டை மாட்டினேன்.
மாட்டியபடியே உட்கார்ந்துவிட்டேன்.
ஒரு கரண்டி.
எனக்கெங்கும் வலிக்கவில்லை.
கடைசியில் அவன் நாக்கில் இருந்தது என்ன ருசி
என்று பார்க்க."

எத்தனை முறை என்றும் கேட்கவேண்டும்.
கேட்டேன்.

"ஒன்று." ஜன்னலைப் பார்த்தாள். "இல்லை, இரண்டு."

ஆம் என்ற கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
கணினியில் அது போய் உட்காரும்,
நேற்று ஷூ நாடா இல்லாமல் வந்தானே ஒரு பையன்,
அவன் புள்ளிக்கு நேர் கீழே,
அதே நிரலில், அதே சொல்லின் அடியில்.

கோட்டு, என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி
அழித்தேன்.

பதினைந்தாம் கேள்வி
உறக்கம் பற்றியது.