எழுபத்திரண்டு டிகிரி

கோடை முழுக்கக் காற்றடைத்த ரப்பர் வளையம்
வாடகைக்கு விடுகிறேன்.
ஏழு டாலர். தொலைத்தால் இருபது.
ஜனவரியில் வளையம் கேட்டு எவரும் வருவதில்லை.
அப்போது எனக்குக் கடற்பசு எண்ணும் வேலை.

கடல் இங்கிருந்து அறுபது மைல்.
பெயரில் மட்டும் அதைச் சுமந்துகொண்டு
ஆற்றை எதிர்த்து ஏறி வருகின்றன, குளிர் தாங்காமல்.
புளோரிடாவில் குளிரா என்று சிரிப்பவர்கள்
என் விரல்களைக் கேட்கட்டும்.

ஊற்றுக்கு மாதம் தெரியாது.
என்றைக்கும் எழுபத்திரண்டு டிகிரி.
ஆகஸ்டில் குதித்தவர்கள் பனிக்கட்டி என்று அலறிய அதே தண்ணீர்
இப்போது மூடி திறந்த பானைபோல ஆவி விடுகிறது.
சைப்ரஸ் வேர்முட்டில் ஒரு பாம்புத்தாரா
இறக்கையை விரித்துப் பிடித்திருக்கிறது,
யாரோ உலர்த்தப் போட்டு மறந்த கோட்டு.

மரப்பாலத்தில் குப்புறப் படுத்துக்கொள்கிறேன்.
எது பாறை, எது முதுகு?
மூச்சு விடும்வரை எல்லாமே பாறை.
ஒன்பது. பத்து.
தாயின் கக்கத்தில் ஒட்டிய குட்டிக்குப்
படிவத்தில் தனிக் கட்டம்.

பெயர் கிடையாது, எண்தான்.
எண்ணைக் கண்டுபிடிப்பது தழும்பை வைத்து.
படகுகளின் விசிறி எழுதிய கணக்கு:
இதன் இடுப்பில் நான்கு வெள்ளைக் கோடு,
அதன் வாலில் கடித்த ரொட்டிபோல ஒரு குறை.
வெட்டுப்படாத ஒன்று வந்தால்
'அடையாளம் இல்லை' என்று எழுத வேண்டும்.
அது யாரென்று யாருக்கும் தெரியாது.
அதன் அதிர்ஷ்டம்.

ஹாலிஸ் மகனோடு வந்தான். கயாக் இரண்டு.
டோபின் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான்:
"அப்பா, அதோட முதுகுல படிக்கட்டு!"

ஏழு படி. இன்னும் இளஞ்சிவப்பு.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம்
ஆற்று வளைவில் படகு எதிலோ இடித்ததென்று
என் கொட்டகைக்கு வந்து நின்றான் ஹாலிஸ்.
கை நடுங்கிக்கொண்டிருந்தது.
"மரக்கட்டையா இருக்கும்," என்றான்.
"மரக்கட்டைதான்," என்றேன்.
காசு வாங்காமல் ஒரு காபி கொடுத்தேன்.

இன்று அவன் தொப்பியைக் கழற்றினான்,
எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டான்.
என்னைப் பார்க்கவில்லை.
நானும் பென்சிலைத்தான் பார்த்தேன்.

அது மெல்ல மேலே வந்தது.
மூக்கின் இரு கதவும் திறந்து
ஈரமாக ஒரு பெருமூச்சு, பையனின் முகத்திலேயே.
அவன் சிரித்து மாளவில்லை.

பதினொன்று.
இல்லை, இதை முன்பே எண்ணிவிட்டேனோ?
ரப்பரால் அழித்துவிட்டு
முதலிலிருந்து தொடங்குகிறேன்.